உப்புவெளியில் ஓடிய நாய்க்கு மலையில் எங்கே நடை?

கேள்வி, 2024 ஜூன் 8

திருகோணமலையிலிருந்து பண்டாரவளைக்கு மாற்றலாகி வருகிறோம். எங்கள் நாய்க்கு நான்கு வயது. குட்டியிலிருந்து உப்புவெளிக் கடற்கரையில் காலையும் மாலையும் அவிழ்த்துவிட்டு நடந்து பழக்கம். மலைப்பக்கம் நாயோடு நடக்க அழகான இடங்கள் எவை? லிப்டன் சீட், எல்ல, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றைப் படங்களில் பார்த்து வைத்திருக்கிறோம்.

2024 ஜூன் 8, இரவு 9.15

ஹோர்ட்டன் சமவெளியை இப்போதே வெட்டிவிடுங்கள். 1988 முதல் அது தேசியப் பூங்கா. நாய்க்கு அனுமதி கிடையாது. விடியற்காலைக் குளிரில் வாசல்வரை நாயைக் கொண்டுபோய், பாதிக் குடும்பம் உள்ளே நடக்க மீதிக் குடும்பம் வானுக்குள் நாயோடு நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நுவரெலியா நகரத்துக்குள் இருக்கும் கல்வேஸ்லேண்ட் ஒரு சின்னத் தோப்பு போலத் தெரியும். அதுவும் தேசியப் பூங்காதான். ஹக்கலப் பூங்காவுக்குப் பின்னால் ஏறும் காட்டுக்குள் மனிதரே போகக்கூடாது.

நான் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், டீமேக்கர். இரவு வேலை முடிந்து வெளியே வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். என் நாய் சூட்டி வாசலில் படுத்திருக்கும். அப்படியே இருவரும் நடப்போம். ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம். (சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னது. பெயர் வைத்தபோது அது உள்ளங்கைக்குள் அடங்கியது. இப்போது 28 கிலோ.)

லிப்டன் சீட்டுக்குப் போகலாம். தம்பதென்ன ஸ்டோரிலிருந்து 7 கிலோமீட்டர், போய்வர இரண்டு மணி நேரம். அதைவிட அழகு வேண்டுமானால் ஹப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன பக்கமாகத் தண்டவாளத்தோரம் நடங்கள். சில இடங்களில் இரண்டு பக்கமும் பள்ளம், கீழே மேகம்.

2024 ஜூன் 9, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் இரண்டு பிழைகள்.

7 கிலோமீட்டர் என்பது ஒரு வழி. ஏறவே இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

தண்டவாளத்தை நான் சொல்லியே இருக்கக்கூடாது. ஊரே அதில் நடக்கிறது என்பதற்காக அது நடைபாதை ஆகிவிடாது; சட்டப்படியும் குற்றம். அதுவும் இது ஜூன், கச்சான் வீசும் மாதம். வளைவுக்கு அப்பால் வரும் ரயிலின் சத்தத்தைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோய்விடும். 2019இல் நானும் சூட்டியும் ஒரு மண்வெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது அதுதான் நடந்தது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மண். நாயை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரத்து வடிகால் கானுக்குள் படுத்தேன். ரயில் போய்முடியும்வரை அதன் இதயம் என் முழங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு எப்படி நேற்று அதையே அழகு என்று எழுதினேன்? ஐந்து வருடத்தில் பயம் கழுவிப்போய்விடும், காட்சி மட்டும் மிச்சமாக நிற்கும். பழைய ஆட்கள் சொல்லும் வழியை இதனால்தான் அப்படியே நம்பக்கூடாது. என்னையும் சேர்த்துத்தான்.

2024 ஜூன் 12

"அவிழ்த்துவிட்டு நடந்து பழக்கம்" என்ற வரி நான்கு நாளாக என்னை அரிக்கிறது.

அலை தொடும் மணலில் நாய் எங்கே ஓடினாலும் கேட்க ஆளில்லை. (கரைவலை இழுப்பவர்கள் கேட்டிருப்பார்கள், அதை நீங்கள் எழுதவில்லை.) இங்கே படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் யாரோ ஒருவர் வேலை செய்யும் இடம். நீங்கள் காலாற நடக்கப்போகும் பாதையில்தான் கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து மலையேறுகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தருகே அதே பாதை ஒருவர் வீட்டு முற்றம். அதில் பிள்ளை தவழும், கோழி மேயும், மிளகாய் காயும். காட்சியைப் பற்றி முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்த மலையில் அன்று என்ன வேலை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், காலை நிறுவை நேரம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் அருகே சாக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சூட்டி கயிறு இல்லாமல் என் பின்னால் வந்தது. மூன்றாவது சாக்கை முகர்ந்தது. நான்காவதுக்குப் போனது. யோசித்துத் திரும்பிவந்து மூன்றாவதின் மேல் காலைத் தூக்கியது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாக்குக்காரி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுகிறீர்களே ஐயா, இதற்கு எத்தனை கிலோ வெட்டுவீர்கள்?"

மலையே சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. நிறுவையில் வெட்டு விழுவது உண்மை. அந்தக் கொழுந்து வந்து சேர்வது என் ஸ்டோருக்கு. அந்தச் சாக்கின் எடையை முழுதாக அவர் பெயரில் எழுதவைத்து, கொழுந்தைப் பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். ஆகவே தேநீர் குடிப்பவர்கள் கவலைப்படவேண்டாம். அன்றிலிருந்து கயிறு இல்லாமல் சூட்டி வாசலைத் தாண்டியதில்லை.

2024 ஜூன் 13

ஹட்டன் வாசகர் ஒருவர், "கோழியைப் பற்றி எழுதவில்லையே" என்று கேட்கிறார். எழுத வெட்கமாக இருந்தது. இரண்டு கோழிகள். விலை பேசாமல் கேட்டதைக் கொடுத்தேன். இரண்டாவது, முட்டையிடும் கோழி என்றார்கள். சேவல் மாதிரித்தான் தெரிந்தது.

2024 ஜூன் 22

"சிறுத்தை பகலில் வராது, பயப்படாதீர்கள்" என்று ஒருவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2021 ஆகஸ்ட், மாலை நாலரை மணி இருக்கும். மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லயத்து நாய் ஒன்று வழக்கம்போல எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கத்தல், அதுவும் பாதியில் நின்றது. செடி ஒடியும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. சூட்டி பாதை நடுவில் உட்கார்ந்துவிட்டது, எழுப்பமுடியவில்லை. உட்கார்ந்த இடம் ஈரமாகியிருந்தது. 28 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பனி மூடினால் அதற்கு அதுவே இரவு. கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. பக்கத்துக் காட்டில் இரை குறைந்துவிட்டது, லயத்தைச் சுற்றி நாய்கள் நிறைந்திருக்கின்றன. அதன் கணக்கு அதற்கு. மூடுபனி இறங்கினால் திரும்புங்கள், கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், ஓடாதீர்கள்.

சிறுத்தையைவிட நான் அஞ்சுவது சுருக்குக் கம்பிக்கு. காட்டுப்பன்றிக்கென்று மரக்கறித் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே கட்டிவைப்பார்கள். மோட்டார்சைக்கிள் கிளட்ச் கம்பியே போதும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கி, மீட்கப்பட்ட சில நாட்களில் செத்தது. அவ்வளவு பலமுள்ள மிருகத்தையே கொல்லும் கம்பி. சூட்டிக்கு இடுப்பில் விழுந்தது. இழுக்க இழுக்க இறுகும். கயிறு என் கையில் இருந்ததால் பின்னால் தள்ளித் தளர்த்தமுடிந்தது. அவிழ்த்துவிட்டிருந்தால் அது காட்டுக்குள் இழுத்துக்கொண்டே போயிருக்கும். அந்த வாரம் ஹப்புத்தளை இரும்புக்கடையில் ஒரு சின்னக் குறடு வாங்கினேன். இன்றைக்கும் கோட்டுப் பையில் கிடக்கிறது. பைத் துணி இரண்டுமுறை கிழிந்துவிட்டது.

2024 ஜூலை 14

எங்கள் ஊவாவில் தரமான கொழுந்து வரும் மாதம். காற்று காய்கிறது, இலை காய்கிறது, நானும் காய்கிறேன். கேள்விகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 4

வந்து குடியேறிவிட்டார்களாம். நாய் படியேற மறுக்கிறதாம்! மணலில் வளர்ந்த பாதம், கல்லுப் பாதையில் கொஞ்சநாள் நோகத்தான் செய்யும். முதல் மாதம் தார் ரோட்டிலேயே நடத்துங்கள்.

"பீக்கோ பாதையில் போகலாமா" என்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 கட்டங்கள், மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். புதிதாக வெட்டிய பாதை என்று நினைக்காதீர்கள். தோட்டத்துப் பழைய வண்டிப்பாதைகளையும் குறுக்குவழிகளையும் கோத்த மாலை அது. எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருடமாக அந்த வழிகளில் மூட்டை சுமந்து நடந்தார்கள், யாரும் கட்டம் எண்ணவில்லை. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்லப் பக்கத்துக் கட்டங்கள் உங்களுக்கு அருகில். முழுக்கட்டம் வேண்டாம். ஒரு முனையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். காரணம், கட்டம் முடியும் இடத்தில் நாயோடு நிற்கும் உங்களை எந்த பஸ்ஸும் ஏற்றாது. ஆட்டோக்காரரிடம் முன்பே பேசி, பழைய பெட்சீட் ஒன்றையும் கொண்டுபோங்கள். பெட்சீட்டைக் கண்டால்தான் அவர் முகம் மாறும்.

எல்ல: சின்ன சிவனொளிபாதம் 1141 மீற்றர், ஏற்றம் சுலபம், காலை ஆறு மணிக்கு நன்றாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் ஆட்களுக்கும் ஆட்களோடு வரும் தெருநாய்களுக்கும் நடுவே உங்கள் நாய் மாப்பிள்ளை மாதிரி எல்லாருக்கும் முகம் கொடுக்கவேண்டும். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நாயோடு போகாதீர்கள். தண்டவாளத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அங்கே அதே தண்டவாளத்தில் திருவிழாக் கூட்டம்.

2024 ஆகஸ்ட் 5

குளவி. விட்டுவிட்டேன். தேயிலைக்குள்ளும் பெரிய மரங்களிலும் கூடு இருக்கும்; கழுகு தட்டிவிட்டால் கீழே யார் இருக்கிறார்கள் என்று அது பார்க்காது. கொழுந்தெடுக்கும் பெண்கள் வருடாவருடம் கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், சிலர் இறந்தும் போகிறார்கள். உச்சி மலையிலிருந்து யாராவது "குளவி" என்று கூவினால் திரும்பி ஓடுங்கள். என்ன, எங்கே என்று நின்று கேட்கவேண்டாம்.

மருந்து அடித்த மலையையும் சொல்லவேண்டும். களைக்கு மருந்து தெளித்த பாதையோரப் புல்லை நாய் கடித்துத் தின்னும். புல் ஒரேயடியாக மஞ்சளாகச் சுருண்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். கானில் ஓடும் தண்ணீரையும் குடிக்கவிடாதீர்கள். குழாய்வழி விழும் பீலித் தண்ணீர் நல்லது.

2024 செப்டெம்பர் 1

"தண்ணீர் ஓரமாக நடக்க இடமே இல்லையா, இது கடலைத் தேடுகிறது" என்கிறார்கள்.

நுவரெலியாவில் கிரெகரி வாவி இருக்கிறது. 1873இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் வெட்டியது. படகு, குதிரைச் சவாரி, சோளம் சுடுபவர், பாட்டு. சூட்டி அங்கே முதல்முறை குதிரையைக் கண்டு, பெரிய நாய் என்று நினைத்துக் கும்பிடுபோட்டுப் படுத்தது. ஏப்ரல் மாதம் மனிதருக்கே இடமில்லை. சீசன் அல்லாத மாதத்தில் அதிகாலை ரோட்டோரம் நடக்கலாம். அவ்வளவுதான்.

எனக்கு மறக்கமுடியாத தண்ணீர் மவுஸ்ஸாகலை. மஸ்கெலியாவில் மச்சான் வீடு. ஒரு மார்ச் மாதம் போயிருந்தபோது நீர்த்தேக்கம் வற்றிக் கிடந்தது. அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்கு மேலே எழுந்து நின்றன. மச்சானின் தகப்பனார், அப்போது எழுபது தாண்டியவர், கைத்தடியால் காட்டிக்கொண்டே நடந்தார்: இது கடைவீதி, இது சலூன், இங்கேதான் நான் கடன் வைத்தேன். வெடித்த சேற்றுத் தட்டுகள் காலடியில் அப்பளம் போல நொறுங்கின. சூட்டி கோயில் கல்லில் ஏறிப் படுத்துக்கொண்டது. விரட்டப்போனேன். "விடுங்கள் மருமகனே, இத்தனை வருடம் மீன்தான் சாமி கும்பிட்டது" என்றார். தண்ணீர்க் கோட்டுக்கு அருகே சேறு ஆளை விழுங்கும். வெடித்துக் காய்ந்த பகுதியைத் தாண்டாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து அது எட்டாத தூரம் என்பது தெரியும். கேட்டது தண்ணீர் என்பதால் எழுதினேன்.

2024 ஒக்டோபர் 20

மழை தொடங்கிவிட்டது. அட்டைக் காலம்.

காலில் ஏறும் அட்டை பிரச்சினையே இல்லை. நாய் புல்லை முகரும்போதோ ஊற்றில் குடிக்கும்போதோ மூக்குக்குள் ஏறுவதுதான் விஷயம். சூட்டி நாலு நாள் தும்மியது. ஒரு நாசியில் மட்டும் துளித்துளியாக இரத்தம். தடிமன் என்று கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தேன். (ஆமாம். சிரியுங்கள்.) மிருக வைத்தியர் சொல்லித்தந்த வழி: அரைநாள் குடிக்கத் தண்ணீர் வைக்காதீர்கள். பிறகு ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீரை மூக்கடியில் பிடியுங்கள். பிடித்தேன். நாய் நக்கத் தொடங்கி அரை நிமிடத்தில் நாசியிலிருந்து கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. தண்ணீரைத் தொட்டு நீண்டது, மறுபடி உள்ளே போனது. மூன்றாவது தடவை துணி சுற்றிய விரலால் பிடித்து, இழுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். தானாகக் கழன்று வந்தது. என் சுண்டுவிரல் நீளம். மனைவி அந்த பேசினை இன்னும் சமையலறைக்குள் விடவில்லை.

உப்பு, சுண்ணாம்பு, தைலம் எதையும் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

உண்ணியைப் பற்றி ஒரு வரி: ஈறு வெளிறி, சிறுநீர் கோப்பி நிறமானால் மறுநாள்வரை காத்திருக்கவேண்டாம், இரத்தம் சோதியுங்கள்.

2024 நவம்பர் 3

தீபாவளி வெடிக்குச் சூட்டி கொழுந்து வாட்டும் மாடியில் போய் ஒளிந்தது. இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. நடை பற்றி எழுத ஒன்றுமில்லை.

விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள் என்று ஒருவர் எழுதியிருப்பது நல்ல யோசனை. லயத்துப் பிள்ளையை உங்கள் நாய் பிராண்டினால் முதலில் கேட்பது அதைத்தான். ஊசியும் பிரதேச சபைப் பதிவும் சட்டம். விசர்நாய்ச் சட்டம் 1893லேயே வந்துவிட்டது.

2025 பெப்ரவரி 9

வந்தார்கள். முதல் கேள்வி கேட்ட வாசகி, அவர் கணவர், நாய். மணல் நிறம், ஒடிசலான உடம்பு, ஒரு காது மட்டும் நிமிரும். காலை ஐந்தரைக்குத் தம்பதென்ன பாதையில் நடந்தோம். 1890இல் லிப்டன் கட்டிய ஸ்டோரைக் கடந்து மேலே மூன்று கிலோமீட்டர், உச்சிக்குப் போகவில்லை. ஏழு மணிக்குப் பெண்கள் ஏறத் தொடங்கியதும் பாதையோரம் ஒதுங்கி, நாய்களை உட்காரவைத்தோம். "அண்ணா, இதுகளைக் கண்டால் பயப்படுகிறார்கள்" என்று வாசகி மெல்லச் சொன்னார். பயம் நாய்க்கில்லை, சாக்குக்கு. சூட்டியின் புகழ் தம்பதென்னவரை பரவியிருக்கிறது.

ஒரு வளைவில் வானம் தெளிந்து தெற்கே அடிவாரம் முழுதும் தெரிந்தது. அதற்கும் அப்பால் தகரம் மின்னுவது போல ஒரு கோடு. கடல். கடற்கரை நாய் மூக்கை உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது, இரண்டு நிமிடமாவது. அவர் கண் கலங்கிவிட்டார்.

2025 பெப்ரவரி 9, இரவு

நான் அப்போது சொல்லவில்லை. கீழே லயத்தில் யாரோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

2025 மார்ச் 1

அன்றைக்கு நடந்த பாதைக்கு மறுபடி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரும் வாரம் அந்த மேல் மலையில் கவ்வாத்து. வெட்டிய குச்சிகள் பாதை முழுக்க ஈட்டி மாதிரி கிடக்கும், பாதத்தைக் கிழித்துவிடும். ஏப்ரலுக்குப் பிறகு வாருங்கள். வரும்போது திருகோணமலைப் பக்கம் போயிருந்தால் நல்ல கருவாடு கொஞ்சம்.